பதினாறாம் கல்லின் பின்பக்கம்

ஏரிச் சாலையில் எந்தக் குழி எந்த மழையில் விழுந்தது என்று கேட்டால், நேற்று நடந்த மாதிரிச் சொல்லுவாள். அதனால்தான் குழியக்கா என்று பேர் வந்தது. வைத்தவர் சாலைக் கூட்டத்து மேஸ்திரி. கேலிக்கு வைத்த பேர்தான். அவள் கோபித்துக்கொண்டிருந்தால் இரண்டு வாரத்தில் உதிர்ந்து போயிருக்கும். அவளோ முதல் தடவை கூப்பிட்டபோதே "என்ன மேஸ்திரி?" என்று திரும்பிவிட்டாள். அதோடு ஒட்டிக்கொண்டது.

பத்தொன்பது வயதில், தார் போடுகிற கூட்டத்துக்குத் தண்ணீர் சுமக்க வந்தவள். இப்போது ஐம்பது. நடுவில் ஒரு நாள்கூட வேறு சாலையில் வேலை பார்த்ததில்லை. கல்யாணமும் இந்தச் சாலையில்தான் முடிவானது. அந்தக் காலத்தில் ஓடிய பஸ்களில் ஒரே ஒரு டிரைவர்தான் வேலை நடக்கிற இடத்தில் வண்டியை மெதுவாக விடுவார். மற்றவர்கள் வந்த வேகத்திலேயே போய், ஜல்லியை இவர்கள் காலில் தெறிக்க விடுவார்கள். மூன்று மாதம் பார்த்தாள். நான்காம் மாதம் வீட்டுக்குப் போய், "அந்த வண்டிக்காரரைப் பேசி முடிங்க" என்றாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு அதற்கப்புறம்தான் விஷயம் தெரியும். மாப்பிள்ளைக்கு அதற்கும் அப்புறம்.

சாலை படகுத்துறையில் தொடங்குகிறது. முதல் மூன்று கல் வரைக்கும் ஏரி கண்ணில் படாது. ஐஸ் ஃபாக்டரி, சலவைக்கூடம், வீடுகளின் பின்பக்கம், கொடியில் காயும் பனியன்கள். நாலாம் கல்லில் ஒரு திருப்பம். திரும்பியதும் இடது பக்கம் மொத்தமும் தண்ணீர். பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வருகிறவர்கள்கூட அங்கே விழித்துக்கொள்வார்கள், முகத்துக்கு நேரே யாரோ வெள்ளைத் துணியை உதறியதுபோல. ஐந்திலிருந்து ஒன்பது வரை நாணல். பன்னிரண்டில் சாலைப் பணியாளர்களின் கொட்டகை, அதை ஒட்டி ஒரு டீக்கடை. பதிமூன்று முதல் பதினைந்து வரை பாறையைக் குடைந்து போட்ட பாதை; மத்தியானத்திலும் அங்கே நிழல் ஈரமாக இருக்கும். பாறை முடிந்து வெளிச்சத்துக்கு வந்ததும் பதினாறாம் கல், முழங்கை வளைவு. பதினேழில் அவள் வீடு. இருபத்து மூன்றாம் கல் மதகில் போய் முட்டும்.

மதகு கட்டுவதற்கு முன்னால் ஏரி சிறியது. காற்று இல்லாத நாட்களில் படகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கரையோரம் நடந்தவர்களின் கால் போட்ட பாதை ஒன்று இருந்தது. மதகு வந்து தண்ணீர் ஏறியதும் அது முழுகிப்போயிற்று. அதற்கு மேலே புதிய சாலை போட இரண்டு காண்ட்ராக்டர்களை அமர்த்தினார்கள். இருவரும் சம்பந்திகள், ஆகவே பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவர் படகுத்துறையிலிருந்து ஆரம்பித்தார், இன்னொருவர் மதகிலிருந்து. பாறையைத் தாண்டிச் சந்திக்க வேண்டிய இடத்தில் இரண்டு சாலையும் ஒரு சாலை அகலத்துக்கு விலகிப் போய் நின்றன. எந்தச் சாலை தப்பு என்று கேட்டதற்கு ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டினார்கள். வேறு வழியில்லாமல் இரண்டையும் வளைத்து ஒட்டவைத்தார்கள். எங்கெங்கிருந்தோ வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்களே, அந்த முழங்கை வளைவு இப்படி வந்ததுதான். அழகுக்காக யாரும் வளைக்கவில்லை.

அந்த வளைவுதான் மூன்று மழைக்காலமாக உட்கார்ந்துகொண்டே வந்தது. ஏரிப் பக்கத்து ஓரம் முதலில் ஒரு விரல் இறங்கும், பிறகு ஒரு சாண். தார் கிழிந்து கோடு விடும். அவளும் கொட்டகையிலுள்ள மற்ற நால்வரும் ஜல்லியைக் கொட்டி, தாரை ஊற்றி, மட்டம் செய்வார்கள். அடுத்த மழையில் அது மறுபடி இறங்கும். கோட்டின் இரண்டு பக்கமும் வெள்ளைப் பெயிண்டில் ஒவ்வொரு பொட்டு வைத்து, அவள் தினமும் காலையில் கையால் அளப்பாள். போன மழைக்கு முன்னால் ஒரு சாண். மழை முடிந்தபோது ஒரு சாணும் நாலு விரலும்.

இன்ஜினியர் இந்த வருடம்தான் மாற்றலாகி வந்தவர். சின்ன வயதுப் பெண். கொட்டகைக்கு வந்து, உட்காராமலே சொன்னார்.

"மழைக்கு இன்னும் இருபது நாள் இருக்கு. அதுக்குள்ள வளைவுக்கு ரெண்டு பக்கமும் பாறாங்கல்லைப் போட்டு மறிச்சிடணும்னு ஆர்டர் வந்திருக்கு. பஸ் பாறை வரைக்கும் வந்து திரும்பிடும். மதகு பக்கம் போறவங்க மலை ரோட்ல சுத்திப் போகணும்."

"மழை முடிஞ்சதும் கல்லை எடுத்துடுவாங்களா மேடம்?" என்றாள் குழியக்கா.

இன்ஜினியர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "எடுக்கறதா அதுல எழுதலை."

"அப்ப இந்தப் பக்கம் ஒரு முட்டுச்சந்து, அந்தப் பக்கம் ஒரு முட்டுச்சந்து. ரெண்டு முட்டுச்சந்தைச் சேர்த்து வச்சா அது ரோடாயிடுமா மேடம்?"

"எனக்கும் ஆசையில்லக்கா. ஓரம் பஸ்ஸையும் சேர்த்து இழுத்துக்கிட்டு இறங்கிச்சுன்னா பதில் சொல்ல வேண்டியது நான்தானே? ஏன் இறங்குதுன்னு காரணம் தெரிஞ்சா சொல்லுங்க, அன்னிக்கே ஆர்டரை நிறுத்தச் சொல்லி எழுதறேன்."

காரணம் அவளுக்குத் தெரியாது. குழி விழுந்த தேதிதான் தெரியும்.

அன்றைக்கு வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் டிரைவர் பேச்சை எடுத்தார்.

"எனக்கு மலை ரூட்டு போடுவாங்க. நீயும் அங்கயே மாத்திக் கேளு. ஓய்வுக்கு எனக்கு ஒரு வருஷம்தான். எதுக்கு இதோட மல்லுக்கட்டுற?"

"நீங்க ஓட்டுற ரோடு. உங்களுக்கு எதுன்னாலும் ஒண்ணுதான். நான் போட்ட ரோடு."

"நீ போட்டியா? சம்பந்திங்க போட்டதுன்னு கதை சொல்லுவியே?"

"அவங்க ஒரு தடவை போட்டாங்க. நான் முப்பத்தொரு தடவை போட்டிருக்கேன்."

டிரைவரின் அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு இருப்பவள். வாய்க்குப் பூட்டு கிடையாது. "விடுடா, உன் பொண்டாட்டி அந்த ரோட்டைத்தான் முதல்ல கட்டிக்கிட்டா. நீ ரெண்டாந்தாரம்."

பாறாங்கற்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் வரத் தொடங்கின. இரண்டாம் நாள் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்தபோது பதினாறாம் கல்லை இடித்துச் சாய்த்துவிட்டது. மேஸ்திரி குழியக்காவை அனுப்பினார். "நிமிர்த்தி வச்சிட்டு வா. மறிக்கப்போற ரோட்டுக்குக் கல்லு ஒரு கேடுதான், ஆனாலும் கணக்குல இருக்கே."

கடப்பாரையைக் கொடுத்துக் கல்லை நெம்பினாள். வருடத்துக்கு ஒரு தடவை இந்தக் கற்களுக்கு வெள்ளையடித்து, முன்பக்கம் கறுப்பில் எண் எழுதுவது அவள் வேலைதான். மலையைப் பார்த்த பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை என்றாலும் அதையும் விடாமல் அடிப்பாள். லாரி இடித்த வேகத்தில் அந்தப் பின்பக்கத்துப் பெயிண்ட் முட்டை ஓடு மாதிரிப் பிளந்து நின்றது. விரல் தடிமன் இருக்கும். ஒரு பொருக்கைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்தது. அடியில் கல்லிலேயே ஆழமாகச் செதுக்கியிருந்தது: ஏழு.

பதினாறாம் கல்லின் முதுகில் ஏழு. கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், வளைவு முதல் முதலில் இறங்கியபோது, பழைய இன்ஜினியர் ஒரு பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாலை போட்ட காலத்துப் பதிவேடு. அதில் பன்னிரண்டு சிறுபாலம் என்று இருந்தது. மலையிலிருந்து வருகிற தண்ணீர் சாலைக்கு அடியில் புகுந்து ஏரிக்குப் போவதற்காகக் கட்டியவை. நடந்து எண்ணினால் பதினொன்றுதான் கிடைத்தது. காணாமற்போனதற்கு இடம் போட்டிருந்தார்கள்: ஏழாம் கல்லிலிருந்து பாறைப் பக்கமாக நாற்பது அடி. ஐந்து பேரும் நாலு நாள் ஏழாம் கல்லருகே நாணலுக்குள் தோண்டினார்கள். இரண்டு பாட்டிலும் ஒரு ஒற்றைச் செருப்பும் கிடைத்தன. "இங்க ஏதுங்க பாறை?" என்று அவள் அப்போதே கேட்டாள். "அந்தக் காலத்துல இருந்திருக்கும், உடைச்சு வித்திருப்பானுங்க" என்று மேஸ்திரி முடித்துவிட்டார். பதிவேடு தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று.

பதிவேடு தப்பில்லை. மதகுப் பக்கத்துச் சம்பந்தி தன் கற்களை மதகிலிருந்து எண்ணியிருக்கிறார். அவர் எண்ணியது ஒன்றிலிருந்து ஏழு. பின்னால் யாரோ முழுச் சாலைக்கும் ஒரே கணக்காக இருக்கட்டும் என்று படகுத்துறையிலிருந்து எண் போட்டபோது, புதுக் கல் வாங்காமல் பழைய கல்லையே திருப்பி நட்டு மறுபக்கம் செதுக்கிவிட்டார்கள். அந்த ஏழாம் கல்லிலிருந்து, அதாவது இந்தப் பதினாறிலிருந்து, பாறைப் பக்கமாக நாற்பது அடி. எழுந்து காலடி வைத்து எண்ணினாள். நாற்பதாவது அடி, கோடு விட்ட தாரின் மேலே, அவள் வைத்த இரண்டு வெள்ளைப் பொட்டுக்கும் நேரே போய் நின்றது.

உரிந்த பெயிண்டைக் கையில் வைத்துப் பார்த்தாள். விளிம்பில் அடுக்கு அடுக்காகக் கோடுகள், மரத்தை அறுத்தால் தெரிவதுபோல. எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த எண்ணை மூடியது அவள் கை.

கொட்டகைக்குப் போய்ச் சொன்னபோது மேஸ்திரி டீயைக் கீழே வைக்கவில்லை.

"அதுக்கு? இப்ப ரோட்டைத் தோண்டணும்ங்கிறியா? மறிக்கப் போற ரோட்டைத் தோண்ட எவன் கையெழுத்துப் போடுவான்? ஏற்கெனவே ஒரு ஏழாம் கல்லைத் தோண்டி என் மானம் போனது பத்தாதா?"

"ரோட்டைத் தொடமாட்டேன் மேஸ்திரி. மலைப் பக்கத்து ஓரக் கால்வாயைத் தூர் வாரப் போறேன். அது என் வேலை. அதுக்கு எவர் கையெழுத்தும் வேண்டாம்."

"கால்வாயில என்ன இருக்கப் போவுது?"

"பாலம்னா ஒரு வாய் இருக்கும்ல? ரோட்டை அகலம் பண்ணினப்ப மலைப் பக்கம் மண்ணைத் தள்ளினாங்க. வாயை மூடிட்டு மேல கால்வாய் வெட்டியிருக்காங்க. தண்ணி வந்து வாசல்ல நிக்குது. போக வழியில்லாம ரோட்டுக்கு அடியில குடியிருக்கு."

மேஸ்திரி டீயை ஒரு மடக்கு குடித்தார். "குடியிருக்குதாம். வாடகை வாங்கிட்டு வா, போ. ஆனா ஆள் தரமாட்டேன். மத்தவனுக்கெல்லாம் கல் இறக்குற வேலை இருக்கு."

தனியாகத்தான் தொடங்கினாள். காலையில் மண்வெட்டி, மத்தியானத்துக்கு மேல் கடப்பாரை, இரும்புச் சட்டியில் மண்ணை அள்ளித் தூரக் கொண்டுபோய்க் கொட்டுவது. முதல் நாள் முழங்கால் ஆழம். வெறும் மண். மூன்றாம் நாள் இடுப்பு ஆழம், மண்ணோடு உடைகல். ஐந்தாம் நாள் பக்கச் சரிவிலிருந்து ஒரு வண்டி மண் சரிந்து விழுந்து, இரண்டு நாள் வேலையை மூடிவிட்டுப் போனது. பள்ளத்தை விட்டு மேலே ஏறினாள். பிறகு லாரிக்காரர்களிடம் நாலு பலகையைக் கேட்டு வாங்கிச் சரிவுக்கு முட்டுக் கொடுத்தாள். சேலையை இன்னும் ஒரு சுற்று இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி இறங்கினாள்.

டிரைவரின் பஸ் ஒரு நாளைக்கு நாலு தடவை அந்தப் பக்கம் போகும். அவள் பள்ளத்துக்குள் இருக்கும்போதும் வண்டி மெதுவாகும். ஆனால் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. ஜன்னலோரத்து ஆட்கள் அந்தக் குறையை வைக்கவில்லை.

"என்னக்கா, புதையலா?"

"ஆமா. வந்து ரெண்டு சட்டி அள்ளிப் போட்டா பங்கு உண்டு."

"எங்களுக்கு ஏது நேரம்? நாளைக்குச் சொல்லு, கிடைச்சப்புறம் வர்றோம்."

ஒன்பதாம் நாள் டிரைவரின் அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு நடந்து வந்தாள். தம்பி அனுப்பியதாகச் சொல்லவில்லை. ஆனால் தூக்கில் இருந்தது டிரைவர் மத்தியானத்துக்கு எடுத்துக்கொண்டு போகிற டப்பா. பள்ளத்தின் விளிம்பில் குந்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, எங்க வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்துல கொல்லையில ஒரு செடி வைக்கக் குழி தோண்டியிருப்பியா?"

"உங்க தம்பி தோண்டித் தருவார்னு இருந்தேன் அண்ணி."

"அவன் வண்டியை விட்டு இறங்கினாத்தானே? சரி, மேல வா. மூஞ்சியைப் பாரு, பூசின சுவர் மாதிரி. இதுல இல்லைன்னா என்ன பண்ணுவ?"

"இருக்கு."

"இல்லைன்னா?"

"இன்னும் ஆழமா இருக்குன்னு அர்த்தம்."

அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். குழியக்கா மேலே ஏறி வந்து சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் சும்மா இருக்கப் பிடிக்காமல், செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டு தானே பள்ளத்துக்குள் இறங்கினாள். இறங்கிய வேகத்தில் ஒரு சத்தம் போட்டாள்.

"என்ன அண்ணி, பாம்பா?"

"கால் சில்லுங்குதுடி! மழை பேஞ்சு ஆறு மாசம் ஆவுது. இங்க எப்படி இவ்வளவு ஈரம்?"

குழியக்கா கையைக்கூடக் கழுவவில்லை. அண்ணி நின்ற இடத்தில் கடப்பாரையை இறக்கினாள். மண்ணில் இறங்கும்போது வருகிற சத்தம் இல்லை. கல்லில் கல் படுகிற சத்தம். கையால் துழாவினாள். உடைகல் இல்லை, விளிம்பு செதுக்கிய பலகைக்கல், நேராக ஓடியது, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மூன்றடி. அதற்குக் கீழே களிமண் அடைத்துக்கொண்டிருந்தது, பிசைந்து திணித்தது போல.

"அண்ணி, மேல ஏறுங்க."

"எதுக்குடி?"

"ஏறுங்க, சொல்றேன்."

மறுநாள் கொட்டகையிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். யாரும் அனுப்பவில்லை. மேஸ்திரி மூன்றாவதாக வந்தார். "வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றிப் பதினாறாம் கல் மேல் போட்டார். ஏரிப் பக்கம் கரைச்சுவர் இடிந்து கிடந்த இடத்தில் அவர்கள் கற்களைப் புரட்டி எறிந்து வழி தேட, இந்தப் பக்கம் அவள் நீளக் கம்பியை விட்டுக் களிமண்ணைக் குத்திக் குத்தி இழுத்தாள். இரண்டு நாள் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் பதினொரு மணி வண்டி வளைவில் திரும்பும்போது கம்பி தடையில்லாமல் முழுசாக உள்ளே போனது. அவள் அதை வெளியே இழுத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து மேஸ்திரியின் கத்தல் கேட்டது.

"வருதுடா! ஏய், வருது! விலகு, விலகு!"

முதலில் சேறுதான் வந்தது, கூழ் மாதிரி. அதன் பின்னால் தண்ணீர். வருடக்கணக்காகச் சாலைக்கு அடியில் அடைந்து கிடந்தது, ஏரிக்குள் காவி நிறத்தில் விரிந்து விரிந்து போயிற்று. அந்தத் தெளிந்த தண்ணீரில் அது சாயம் போகிற சேலையை அலசுவதுபோல இருந்தது. டிரைவர் பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, இத்தனை நாளில் முதல் தடவையாகக் கீழே இறங்கினார். பின்னால் பாதி பஸ்ஸும் இறங்கியது. புதையல் கேட்டவர் முன்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"இதுக்குத்தானாக்கா இவ்வளவும்?"

"உன் பங்கு வேணும்னா ஒரு குடம் பிடிச்சுக்க."

டிரைவர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். அவள் தோளிலிருந்த களிமண்ணைச் சுரண்டி எடுத்துப் போட்டார். "பதினஞ்சு நிமிஷம் லேட்டு" என்று சொல்லிவிட்டுப் போய் வண்டியில் ஏறினார்.

இன்ஜினியர் மறுநாளே வந்தார். பள்ளத்தில் இறங்கி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். ஈரக் கையோடு மேலே ஏறி வந்து, கல்லின் பின்பக்கத்து எண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"காரணம் சொல்லிட்டீங்க. நான் சொன்னபடி எழுதறேன். ஆனா இதால நின்னுடும்னு எனக்கு இன்னும் தெரியாதுக்கா. ஒரு மழை பார்க்கணும். கல்லெல்லாம் இப்படியே ஓரத்துல கிடக்கட்டும். மழையில இறங்கிச்சுன்னா அன்னிக்கே மறிப்பேன். சரியா?"

"சரி மேடம். நானே உருட்டி விடறேன்."

மழை சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடவில்லை. நாலு நாளும் காலையில் அவள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வளைவுக்கு நடந்தாள். சிறுபாலத்தின் வாயில் இலையும் குச்சியும் அடைக்காமல் இழுத்துப் போடுவாள். அந்தப் பக்கம் போய்த் தண்ணீர் விழுகிறதா என்று பார்ப்பாள். பொட்டுகளை மட்டும் அளக்கவில்லை. அளந்து அரைகுறையாகத் தெரிந்துகொள்வதில் அவளுக்கு இஷ்டமில்லை. மழை முழுசாக முடியட்டும் என்று இருந்தாள்.

ஐந்தாம் நாள் வானம் வெளுத்தது. அவள் போவதற்கு முன்னாலேயே இன்ஜினியர் அங்கே நின்றிருந்தார், மேஸ்திரியும். அவள் ஈரத் தாரில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கட்டை விரலை ஒரு பொட்டில் வைத்து, கையை விரித்து, மீதியை மற்றக் கையால் அளந்தாள். எழுந்து, கையை உதறிவிட்டு, மறுபடி உட்கார்ந்து இன்னொரு தடவை அளந்தாள்.

"ஒரு சாண், நாலு விரல்" என்றாள்.

"போன வருஷம்?" என்றார் இன்ஜினியர்.

"அதேதான்."

மேஸ்திரி தொண்டையைக் கனைத்தார். "அவ கை வளர்ந்திருந்தா?"

"இந்த வயசுலயா? வாய் வேணா வளரும் மேஸ்திரி, உங்களை மாதிரி."

இன்ஜினியர் சிரித்துவிட்டார். பிறகு ஓரத்தில் கிடந்த பாறாங்கற்களைக் காட்டி, "இதையெல்லாம் கீழ தள்ளிக் கரைச்சுவரைக் கட்டிடுங்க. வந்த கல்லு வீணாக வேண்டாம்" என்றார். அந்த வேலை மூன்று வாரம் ஓடியது.

வருடக் கடைசியில் கற்களுக்கு வெள்ளையடிக்கிற நாள் வந்தது. படகுத்துறையிலிருந்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தாள். பதினாறாம் கல்லின் முன்பக்கம் வழக்கம்போல வெள்ளை, மேலே கறுப்பில் எண். பின்பக்கம் பிரஷைக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். டப்பாவைக் கீழே வைத்து, கூரான சுரண்டியை எடுத்து, ஒட்டிக்கொண்டிருந்த மீதிப் பெயிண்டையும் ஏழின் பள்ளத்திலிருந்து சுரண்டினாள். அடுத்தது பதினேழு. அதன் பின்பக்கத்தையும் சுரண்டிப் பார்க்க வேண்டும். அதன் முதுகில் ஆறு இருக்கும். அப்புறம் பதினெட்டு. இன்றைக்கு மதகு வரைக்கும் போய் முடிகிற வேலையில்லை. சுரண்டி முனை மழுங்கியிருந்தது. ரோட்டோரத்துக் கல்லில் இரண்டு தேய்ப்புத் தேய்த்துக்கொண்டு நடந்தாள்.